நடு அறைச் சுவர் காயும் வரை

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நடு அறைச் சுவரின் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் வந்து படுத்துக்கொண்டது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது, அவள் படுக்கிற பக்கத்தில், அவளுடைய தலையணைமேல், ஒரு கதவு அகலத்துக்குச் சுண்ணாம்புப் பாளம் கிடந்தது. தூசி இன்னும் அடங்கவில்லை. சன்னல் வழியாக வந்த வெயிலில் அது அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பயந்து அலற வேண்டிய நேரம். அவளுக்கு என்னவோ அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தபடி நின்றாள்.

சாயங்காலம் அவளுடைய வீட்டுக்காரர் வந்தார். பார்த்தார். பாளத்தை இரண்டு துண்டாக உடைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டார். தலையணையை உதறினார். தன் தலையணையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீ ஹால்ல படு" என்றார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

அவர் பேச்சே அப்படித்தான். ஊர்த் தண்ணீர் ஆபீசில் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. ஆள் உயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்சம் தள்ளி ஊன்றுவார். பிறகு செருப்பு நுனியால் ஒரு கோடு போட்டு, "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் இருக்கும். அதில் அவர் கணக்குத் தப்பியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"மண்ணுக்குள்ள ஆறடி ஆழத்துல சொட்டுறது உங்கப்பாவுக்குக் கேக்கும்டி. பக்கத்துத் தலையணையில அழுதா கேக்காது" என்று டீச்சர் ஒருமுறை மகளிடம் சொன்னாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீ எதுக்கும்மா அழுத?" என்று கேட்டாள். டீச்சர் பேச்சை மாற்றிவிட்டாள்.

சுவர் விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு கடிதம் வந்திருந்தது. மலைமேல் இருக்கிற உறைவிடப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை வேலை. தங்க வீடும் தருவார்கள். என்றோ ஒருநாள் யாரிடமோ உள்ள கோபத்தில் எழுதிப் போட்ட விண்ணப்பம் அது, அவளே மறந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போகட்டுமா?"

அவர் கடிதத்தை முழுதாகப் படித்தார். மடித்தார்.

"உன் இஷ்டம்."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இன்னும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடைக்காதா? கிடைக்கவில்லை. வருகிறேன் என்று மறுநாளே எழுதிப் போட்டாள். "வெளிய கேக்கிறவங்களுக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கலாம். திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல" என்று மகளிடம் சொன்னபோது, இந்த முறை மகள் சிரிக்கவில்லை.

பழைய பள்ளியில் விடைபெற்றுக்கொண்டிருந்த வாரத்தில்தான் சுவர் விழுந்தது.

"தூசிக்குள்ள உங்கள விட்டுட்டுப் போக முடியாது. சுவர் வேலைய முடிச்சுக் கொடுக்கிறேன். காஞ்சு, வெள்ளை அடிச்ச மறுநாள் கிளம்பிடுவேன்" என்றாள்.

"ம்" என்றார்.

*

கொத்தனார் தன் மனைவியோடு வந்தார். மனைவிதான் சித்தாள். கொத்தனார் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவார். நல்ல ஆகிருதியான சிட்டு. இருவரும் வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். உளியை யார் மறந்தது என்பது அன்றைய வழக்கு.

கொத்தனார் கரணையின் மரப்பிடியால் சுவரை ஓர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். பிடிப்பு இருக்கிற இடத்தில் 'டக்' என்றது. விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டக், டக், டொப், டொப், டொப். வீடு முழுக்க யாரோ மெதுவாக நடந்து போகிற மாதிரி இருந்தது.

"இது சுவரு இல்ல டீச்சர், பிஸ்கட்டு. யாரு இங்கங்க சிமெண்ட அப்பி வச்சது?"

"வீட்டுக்காரர்தான். விழ விழ அவரே பூசுவாரு."

"பழைய செங்கல்லு, பழைய சுண்ணாம்பு. அது மூச்சு விடற சாமான். வாயில துணிய அடைக்கிற மாதிரி சிமெண்ட அடைச்சா உள்ள இருக்கற ஈரம் எங்க போவும்? பக்கத்துல இருக்கறதயும் தள்ளிக்கிட்டுத்தான் வெளிய வரும்."

"நீ விடற மூச்சுக்கு உன் வாயிலயும் கொஞ்சம் அப்பினா தேவலை" என்றாள் சிட்டு.

"பாருங்க டீச்சர், எனக்கு வாய்ச்சது."

மற்ற அறைகளில் விட்ட இடத்தை மட்டும் பூசினால் போதும், நடு அறையின் நீளச் சுவரை மட்டும் செங்கல் தெரிய முழுதாக உரித்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும் என்று முடிவாயிற்று. கொல்லையில் பீப்பாயில் சுண்ணாம்பு ஊறியது. வீட்டுச் சாமான் எல்லாம் ஹாலுக்கு வந்து பழைய போர்வைகளுக்குள் புகுந்துகொண்டன. பீரோவுக்கும் தையல் மேசைக்கும் நடுவே இரண்டு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது. ரயிலைத் தவறவிட்ட பயணிகள் மாதிரி இருவரும் அங்கே படுத்தார்கள். கைநீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். யாரும் நீட்டவில்லை.

உரிக்க உரிக்கப் பூச்சுத் துண்டுகளின் ஓரத்தில் பழைய வண்ணங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. இளநீலம், அதற்கடியில் ரோஜா, அதற்கும் அடியில் அவளுக்குத் தெரியாத ஒரு பச்சை. ரோஜா நிறம் அவள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அடித்தது. என்ன வண்ணம் வேண்டும் என்று அவளிடம் கேட்டது யார்? அவரா, வெள்ளை அடிக்க வந்த ஆளா? நினைவில்லை. செங்கல் வெளியே வந்ததும் அறை பெரிதாகிவிட்டது. பேசினால் குரல் வேறு யாருடையதோ போல ஒலித்தது. எங்கு பார்த்தாலும் வெண்பொடி. கண் இமையில், டீ டம்ளரின் விளிம்பில், அவருடைய சட்டைக் காலரில். பகல் வேளைகளில் டீச்சர் போர்வை போர்த்திய சாமான்களுக்கு நடுவே நடக்கும்போது தூக்கத்தில் நடப்பதுபோலவே இருந்தது.

பூச்சு வேலை ஒரே நாளில் நடந்தது. தொடங்கிய சுவரை அன்றைக்கே முடித்தாக வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒட்டுத் தெரியுமாம். சிட்டு சாந்துச் சட்டியைக் கொண்டு வருவாள், கொத்தனார் கரணையால் அள்ளி வீசி அடிப்பார். சப், சப் என்று சத்தம்.

"கெட்டியா இருக்கு."

"உன் புத்தி மாதிரியா?"

"இப்ப தண்ணியா இருக்கு."

"உன் டீ மாதிரியா?"

"ஏ சிட்டு, நான் போயிட்டா உனக்குத் தெரியும் என் அருமை."

"எங்க போவ? செருப்பு எங்க கெடக்குன்னு தேடவே நான் வரணும்."

கதவருகே நின்ற டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அந்த இருவரும் ஒரு நாளில் பேசுகிற பேச்சு இந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு வரும்.

சாயங்காலம் மரக்கட்டையால் தேய்த்து முடித்தபோது சுவர் ஈரச் சாம்பல் நிறத்தில், ஏரித் தண்ணீர் நிமிர்ந்து நின்றதுபோல இருந்தது. கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஏழு நாள், காலையில சாயங்காலம் தண்ணி தெளிக்கணும். ஊத்தக் கூடாது, தெளிக்கணும். ஏழு முடிஞ்சா விட்டுடணும். அப்புறம் தானா காயட்டும். காத்தாடி போட்டு அவசரப்படுத்தினா வெடிச்சுடும். பதினஞ்சு நாள்ல வெளுத்துடும். வெளுத்ததும் சொல்லி அனுப்புங்க, வெள்ளை அடிச்சுக் கொடுத்துடறேன்."

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "பதினஞ்சு நாள்" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

*

காலையில் அவள் தெளித்தாள், சாயங்காலம் அவர். எட்டாம் நாள் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியைக் கீழே இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

அந்த நாட்களில்தான் அவளுக்கு மழைக் கனவு வந்தது. விடியும் நேரத்தில் எங்கோ மழை பெய்யும். பெரிய மழை இல்லை. இலைகளில் விழுந்து சொட்டுகிற, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று பெய்கிற மழை. கனவில் அவள் ஒரு சன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மனசு லேசாகிவிடும். எழுந்து வந்து பார்த்தால் கொல்லை காய்ந்து கிடக்கும். கொடியில் துணி மொறுமொறு என்றிருக்கும். மறுநாளும் அதே மழை. அதற்கு மறுநாளும்.

சுவரோ காயவில்லை. பதினைந்து நாள் போய்ப் பதினாறு, பதினேழு. உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது. மலைப் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை போன் செய்தார். "திங்கட்கிழமை நீங்க கண்டிப்பா வரணும். இல்லைன்னா நான் வேற ஆளப் பாத்துக்க வேண்டியிருக்கும்."

"வந்துடறேன் மேடம்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் மழை பெய்தபோது, கனவின் சன்னலிலிருந்து அவள் எப்படியோ எழுந்துவிட்டாள். கண்ணைத் திறந்த பிறகும் மழைச் சத்தம் நிற்கவில்லை. பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. போர்வை மூடிய பீரோவைச் சுற்றிக்கொண்டு நடு அறைக் கதவிடுக்கில் பார்த்தாள்.

வீட்டுக்காரர் பனியனோடு நின்றிருந்தார். இடக்கையில் குவளை. வலக்கை விரல்களை நனைத்துச் சுவரில் தெளித்தார். ஓர் இடத்தையும் விடவில்லை. கோடாக வழிந்த இடத்தைத் துண்டு நுனியால் ஒற்றி எடுத்தார். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் கம்பியில் காது வைப்பதைப் போலவே, கண்ணை மூடிக் கன்னத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். புதுப் பூச்சு தண்ணீர் குடிக்கிற சத்தத்தைக் கேட்கிறாரா? எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு நாள் என்று சொன்னதை மறந்துவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணமே தெரிந்துவிட்டது. அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அவள் ஓசைப்படாமல் வந்து படுத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அழுகை வந்தது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. விரலால் தெளிக்கத் தெரிந்தவருக்கு வாயால் சொல்லத் தெரியாதா?

காலை டீயின்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "சுவரு ஏன் இன்னும் காயலை?"

அவர் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "காயும்" என்றார்.

பொய் இல்லை. என்றைக்காவது காயும்தான்.

"கொத்தனார வரச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை நான் போயாகணும்."

"ம்."

*

வெள்ளிக்கிழமை கொத்தனாரும் சிட்டுவும் வெள்ளையடிக்கிற மட்டையும் வாளியுமாக வந்தார்கள். கொத்தனார் சுவரில் கை வைத்தார். புறங்கையை வைத்தார். மோந்து பார்த்தார்.

"என்ன கூத்து இது? முந்தாநாள் பூசின மாதிரி இருக்கு. நாலு வீடு இதே கலவையில பூசினேன், எல்லாம் எலும்பா காஞ்சு கெடக்கு."

"நீ பூசின லட்சணம்" என்றாள் சிட்டு.

"சும்மா இரு. டீச்சர், இதுக்குள்ள குழாய் போவுதா?"

"மேல தொட்டிக்குப் போற குழாய் இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க! ஒழுவுது. சார், உங்க தொழிலே இதுதானே? அந்தக் கம்பிய எடுங்க, வச்சுக் கேளுங்க."

வீட்டுக்காரர் டீச்சரைப் பார்க்கவில்லை. போய்க் கம்பியை எடுத்து வந்தார். சுவரில் ஊன்றிக் காதில் வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிட்டு வளையல் சத்தம் வராமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டார்.

"என்ன சார்?"

"சத்தம் இல்ல."

"சத்தமில்லாம ஒழுவுமா?"

"ஒழுகாது."

"அப்ப ஈரம் எங்கேருந்து வருது?"

கசிவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்கும். அவருக்கு அது வராது என்று டீச்சருக்குத் தெரியும். கம்பியைப் பிடித்தபடி நின்றார். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது.

"சாருக்கே தெரியலன்னா உடைச்சுத்தான் பாக்கணும். ஈரத்துமேல வெள்ளை அடிச்சா ஆறு மாசத்துல தோலு உரிஞ்சுடும். அப்புறம் ஊரு என்னையத்தான் பேசும்." கொத்தனார் சுவரின் நடுவில் கரியால் ஒரு வட்டம் போட்டார். உளியை வைத்தார்.

இப்போது சொல்வார் என்று டீச்சர் நினைத்தாள். அவர் வாய் திறந்து மூடியது. சுத்தியல் விழுந்தது. புதுப் பூச்சில் ஒரு சில்லு தெறித்து அவள் காலடியில் வந்து விழுந்தது. இரண்டாவது முறை சுத்தியல் உயர்ந்தபோது, அவளுக்கே தெரியாமல் அவள் குரல் வந்துவிட்டது.

"நிறுத்துங்க கொத்தனாரே. குழாய் ஒழுகலை. தண்ணி நான்தான் தெளிச்சேன்."

"ஏழு நாள்தானே சொன்னேன்?"

"பதினேழு நாளும் தெளிச்சேன்."

"அட ராமா!" என்று சிட்டு கன்னத்தில் கை வைத்தாள். "படிச்சவங்க நீங்க. ஏழுக்கும் பதினேழுக்கும் கணக்குத் தெரியாதா டீச்சரம்மா?"

"நான் ட்ராயிங் டீச்சர்தானேம்மா" என்றாள் டீச்சர்.

கம்பி சுவரில் சாய்ந்து மோதுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் அதைக் கையிலிருந்து விட்டிருந்தார்.

"அவ இல்ல" என்றார். "நான்."

கொத்தனார் சுத்தியலோடு திரும்பினார். "நீங்களா? சார், தண்ணி ஆபீசுல வேலை பாத்துக்கிட்டு... எதுக்கு சார்?"

"காஞ்சா போயிடுவா."

கொத்தனார், "யாரு போயிடுவா?" என்று கேட்டார். சிட்டு அவர் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"வாய்யா வெளிய. எனக்கு டீ குடிக்கணும்."

"இப்பதானே குடிச்ச?"

"மறுபடியும் தாகம்."

"உளி..."

"அது ஓடிப்போயிடாது. வான்னா வா!"

அவர்கள் குரல் தெருவரைக்கும் போய்த் தேய்ந்தது. டீச்சர் கவிழ்த்து வைத்திருந்த சாந்துச் சட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வாய்ல முத்தா உதிர்ந்துடும்?"

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் போகாதன்னு சொன்னா நீ போகமாட்ட."

"அதனால?"

"அந்தக் கடிதாசி வந்த அன்னைக்கு பிரஷ்ஷெல்லாம் எடுத்து ஒண்ணொண்ணா கழுவி வெயில்ல வச்சிருந்த. பாப்பா பொறந்ததுக்கப்புறம் நீ அத எடுத்தே நான் பாத்ததில்ல."

"அதப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதான் சொல்லல."

"அப்ப இந்தத் தண்ணி?"

அவர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு ஈரத்தில் விரல் நுனியெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

"மனச அடக்கிட்டேன். கை கேக்கல" என்றார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். அழுது முடித்த பிறகு அவள் சொன்னாள், "நான் போகத்தான் போறேன். ஆனா வேலைக்குத்தான் போறேன். உங்கள விட்டுட்டு இல்ல. புரியுதா?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்குச் சொல்லியாகணும்."

"எனக்கு லீவு நிறைய கெடக்கு" என்றார் அவர். "அப்புறம் மாத்தல் கேக்கலாம். மலையிலயும் குழாய் ஒழுகத்தானே செய்யும்?"

அவள் சிரித்த சிரிப்பில், டீ குடித்துத் திரும்பி வாசலில் நின்ற கொத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தார். சிட்டு அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

*

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். சுவர் காயும்வரை சன்னல்களைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டும் என்பதால் அவர் பின்னால் வருவதாக ஏற்பாடு.

மலைமேல் அவளுக்குக் கொடுத்த வீட்டில் இரண்டே அறை. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி வந்து சன்னலில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் பகலெல்லாம் பனியை வரைய முயன்று தாளை வெறுமனே விட்டுவிட்டு, "வரைஞ்சிட்டோம் மிஸ்" என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டு மதிப்பெண் போட்டாள்.

மாலையில் போன் வந்தது. முதல் நாள், "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்றார். மறுநாள், "கதவுப் பக்கம் ஒரு முழம் வெளுத்திருக்கு" என்றார். நான்காம் நாள் கொத்தனார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். சீக்கிரம் காயட்டும் என்று இவர் காத்தாடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"வெடிச்சுதா?"

"இல்ல. ஒரு மணி நேரத்துக்குள்ள சிட்டு வந்து பிடுங்கிட்டுப் போயிட்டா. 'சார், நனைக்கிறதும் நீங்களே, காய வைக்கிறதும் நீங்களே, சுவரு என்னதான் பண்ணும்?'னு கேட்டா. நல்லாத் திட்டிட்டா."

"நல்லா வேணும் உங்களுக்கு."

"இன்னைக்கு மேல்பக்கம் பூரா வெளுத்துடுச்சு. நடுவுல ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் இருட்டா இருக்கு. காலையில ஒரு மாதிரி தெரியுது, வெயில் வந்ததும் வேற மாதிரி தெரியுது. நீ இருந்தா என்ன கலர்னு சொல்லுவ. எனக்குச் சொல்லத் தெரியல. சாம்பலும் இல்ல, வெள்ளையும் இல்ல. புறா கழுத்துல கீழ இருக்குமே, அது மாதிரி. ஓரத்துல இன்னும் கொஞ்சம் மங்கலா..."

மணி ஏழுகூட ஆகவில்லை. வெளியே பனி முற்றத்து விளக்கை விழுங்கிக்கொண்டிருந்தது. சுவர் எந்த ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்குகிறது, எந்த இடம் பிடிவாதமாக நிற்கிறது, மத்தியானம் வாசலில் நின்று பார்த்தால் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். டீச்சர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, போனைக் காதோடு வைத்து, கண்ணை மூடினாள். ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.